வாத்துக் குஞ்சு பொரிக்கும்போது அவசரம் கூடாது

ஏலகிரி மலையில் அடைக்கோழியைக் கொண்டு வாத்து முட்டை பொரிக்க வைப்போர் நாள் கணக்கைக் கவனிக்க வேண்டும். கோழி முட்டை 21 நாளில் பொரியும். நாட்டு வாத்து முட்டைக்கு 28 நாள் ஆகும். ஆகவே இரண்டையும் ஒன்றாக அடை வைக்கக் கூடாது. கோழி தன் குஞ்சுகளுடன் எழுந்துவிட்டால், வாத்து முட்டைகள் குளிர்ந்து வீணாகும்.

குஞ்சு உள்ளிருந்து கொத்தித் துளையிட்டதுமே முட்டையை உடைத்து உதவச் சிலர் முனைகின்றனர். இது தவறு. அப்போது சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் வற்றியிரா. மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் முழுதும் சேர்ந்திராது. அவசரப்பட்டால் குஞ்சு இறக்கும். ஒன்றிரண்டு நாளில் அது தானே வெளிவரும். அதுவரை முட்டைகளை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். மலைக்காற்றில் சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் முழுதும் கழிந்தும் துளை பெரிதாகாமல், சவ்வு காய்ந்து தடித்திருந்தால் மட்டுமே உதவலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சவ்வை ஈரமாக்கவும். மூக்கில் நீர் படக்கூடாது. பிறகு முட்டையின் அகன்ற முனையிலிருந்து ஓட்டுத் துண்டுகளைச் சிறிது சிறிதாக நீக்கவும். இரத்தம் தென்பட்டால் உடனே நிறுத்தி, மீண்டும் கோழியின் அடியில் வைத்துச் சில மணி நேரம் பொறுக்கவும். அடிப்பாகத்து ஓட்டிலிருந்து குஞ்சை இழுக்காதீர்கள். அதை அதுவே உதைத்துக் கழற்றிக்கொள்ளும்.