முதுகெலும்பு முறிவும் அதன் காரணங்களும்

நம் உடலைத் தாங்கும் முதுகெலும்பு ஓரெலும்பன்று. 33 முள்ளெலும்புகள் கொண்டதொரு கோவையாகும். கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5; எஞ்சியவை கீழே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பன. இக்கோவையின் உட்புழையிலே தண்டுவடம் என்னும் நரம்புக் கற்றை மூளையினின்று இறங்கி வருகின்றது. முறிந்த எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். அறுந்த வடமோ மீண்டும் கூடுவதில்லை. ஆதலின், முதுகடிபட்டு வைத்தியசாலை சேர்வாரைக் குறித்து நாம் அஞ்சுவது எலும்பைப் பற்றியன்று, வடத்தைப் பற்றியேயாம்.

மேனாடுகளிலே நெடுங்காலமாக மோட்டார் வண்டி விபத்துக்களே இதற்கு முதற்காரணமாக எண்ணப்பட்டு வந்தன. நம் நாட்டு வைத்தியசாலைக் கணக்குகள் பலவற்றிலோ, உயரத்தினின்று வீழ்தலே முன்னிற்கின்றது. பனையும் தென்னையும் ஏறுவோர், சாரத்தின்மேல் நின்று கட்டடவேலை செய்வோர், கைப்பிடிச் சுவரில்லா மாடியில் உறங்குவோர், சுவரெழுப்பாத கிணற்றில் இடறி வீழ்வோர் ஆகிய இவர்களே அப்படுக்கைகளில் மிகுதி. இருசக்கர வண்டிகள் பெருகிய பின்னர்ச் சாலை விபத்துக்களும் பெருகின. தலைச்சுமையோடு வழுக்கி வீழ்வோரையும், ஆழமறியாது குளத்தில் தலைகீழாய்க் குதிக்கும் இளைஞரையும் மறத்தற்கில்லை. இவ்விளைஞருள் நம் போன்ற மாணாக்கரும் உளர்! பெண்டிரினும் ஆடவர் இருமடங்குக்குக் குறையாமல் இத்துன்பத்துக்கு ஆளாகின்றனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு.

வீழும் வகைக்கேற்ப முறியும் இடமும் வேறுபடும். காலூன்றி வீழ்பவனுக்கு அவ்வேகம் குதிகாலினின்று மேலேறி, அசைவு குறைந்த மார்ப்பகுதியும் அசைவு மிகுந்த இடுப்புப் பகுதியும் சந்திக்குமிடத்தைத் தாக்கும். குதிகால் உடைந்து வருவோனது முதுகையும் வைத்தியர் சோதிப்பது இதனாலேயே. அங்கே வடம் நைந்தால் கால்கள் செயலற்றுப் போம். மலசலங்களும் வசத்தில் நில்லா. தலைகீழாய் வீழ்பவனுக்கோ கழுத்து முறியும், கைகளும் கெடும். கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளே மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்குச் செல்வன. அவற்றிற்கு மேல் வடம் அறுந்தால் மூச்சே நின்றுவிடும்.

இனி, வீழ்ச்சியாலன்றித் தூக்குவோராலும் கேடு விளைதல் உண்டு. வீழ்ந்தவனை ஒருவர் அக்குளிலும் ஒருவர் காலிலும் பற்றித் தூக்கி, வண்டியில் உட்காரவைத்துக் கொணர்கின்றனர். இரக்கத்தால் செய்வதுதான், ஆயினும் பாதி நைந்த வடம் அவ்வழியிலேயே முழுதும் நைந்து போகலாம். தலையும் முதுகும் ஒரே நேராயிருக்குமாறு நால்வர் சேர்ந்து மரக்கட்டையைப்போல் அசைத்து, கதவுப்பலகை ஒன்றன்மேற் கிடத்திக் கொணர்தலே முறை.

வைத்தியசாலை சேர்ந்த பின்னும் அபாயம் ஒழிவதில்லை. உணர்ச்சியற்ற உடல் அழுத்தத்தை அறியாதாகையால், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவையாவிடிற் படுக்கைப்புண் உண்டாகும். முற்காலத்தில் இந்நோயாளரைப் பெரிதும் மாய்த்தவை இப்புண்களும் சிறுநீர்ப்பாதை நோய்களுமேயாம். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையிலே 1944இல் லுட்விக் குட்மான் என்பார் இவற்றைத் தடுக்கும் முறைகளைக் கையாளத் தொடங்கிய பின்னரே அந்நிலை மாறலாயிற்று.

நம் நாட்டிலோ, வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த மேரி வர்கீஸ் அம்மையார் 1954இல் மோட்டார் விபத்தொன்றில் முதுகடிபட்டுக் கால்கள் செயலிழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்; அமெரிக்கா சென்று புனர்வாழ்வு வைத்தியம் பயின்று மீண்டார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் எழுந்த நிலையத்திலே, முதுகடிபட்டோர் சக்கர நாற்காலியிற் பழகவும், தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளவும் கற்றுத் தம் ஊர் திரும்பலாயினர்.