குடிவழி தேடினேன்

“நீ எந்தக் குடி?” என்று எங்கள் ஊரில் மூத்தவர்கள் கேட்பார்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடி தாய்வழியாக வருவது. உம்மாவின் குடியே பிள்ளைகளின் குடி. ஆனால் வரலாற்றுப் பாட ஒப்படைக்காகக் குடும்ப மரம் வரைந்தபோது, வாப்பாவின் பக்கம் நான்கு தலைமுறை வளர்ந்தது. உம்மாவின் பக்கம் மூத்தம்மாவோடு நின்றுவிட்டது. மூத்தம்மா மௌத்தாகி விட்டார். அவருடைய தாயை எல்லோரும் “வெள்ளும்மா” என்றே அழைத்தார்களாம். சொந்தப் பெயர் எவருக்கும் நினைவில்லை.

முதலில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைப் பார்த்தேன். அதில் பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத இடமுண்டு, பாட்டிக்கு இடமில்லை. ஆயினும் தாயின் முழுப்பெயர் இருக்கும். உம்மாவின் பத்திரத்தில் மூத்தம்மாவின் பெயர், மூத்தம்மாவின் பத்திரத்தில் அவர் தாயின் பெயர் என்று படிப்படியாக ஏறலாம். மூத்தம்மாவின் பிறப்போ பதியப்பட்டிருக்கவில்லை.

அடுத்து, அவருடைய விவாகப் பதிவு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் பதியப்பட்டது. மஹர் தொகை இருந்தது. மாப்பிள்ளையின் கையொப்பமும் வலியின் கையொப்பமும் இருந்தன. மணமகளின் கையொப்பம் இல்லை. அவர் தாயின் பெயரும் இல்லை.

சோர்ந்திருந்த என்னிடம் பெரியும்மா கேட்டார்: “வளவு உறுதியப் பாத்தியா புள்ள? நம்மட ஊருல ஊட்டப் பொம்புளப் புள்ளைக்குத்தானே எழுதுற?”

எங்கள் உறுதியை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோயிருந்தது. ஆனால் உறுதி எழுதும் நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதைத் தேட, எழுதிக்கொடுத்தவரின் பெயராவது வேண்டுமே! அயல் வீட்டாரின் பழைய உறுதியை வாங்கி வாசித்தேன். எல்லை சொல்லுமிடத்தில், வடக்கே இன்னாருடைய வளவு என்று ஒரு பெண்ணின் முழுப்பெயர் இருந்தது. வடக்கே இருப்பது எங்கள் வளவு!

அந்தப் பெயரோடு வாப்பாவும் நானும் பதிவகத்துக்குப் போனோம். மூன்றாவது முறை சென்றபோது சீதன உறுதி கிடைத்தது. தாய், மகளுக்கு எழுதிக்கொடுத்தது. கீழே வெள்ளும்மாவின் பெருவிரல் அடையாளம். உம்மா அதன்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

சகோதரிகளே, மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களின் செல்லப் பெயரை அல்ல, முழுப்பெயரைக் கேட்டு எழுதுங்கள். பெண்களின் பெயர்களைக் காணி உறுதிகளில் தேடுங்கள். எல்லை விபரத்தையும் வாசியுங்கள். பெற்றோரே, உறுதிகளின் பிரதியொன்றை வேறொரு வீட்டிலும் வைத்திருங்கள். எங்கள் குடும்ப மரத்தில் உம்மாவின் பக்கம் இப்போது ஒரு கிளை உயர்ந்திருக்கிறது. வெள்ளும்மாவின் தாயை இனித் தேட வேண்டும்.