அளந்து அறியும் பசி

உரைநடை உலகம்

நுழையும்முன்

பசித்த பெரியவர் தம் பசியைச் சொல்லிவிடுவார். பேசத் தெரியாத குழந்தை அழும். நாள்தோறும் குறைவாகவே உண்டு பழகிய குழந்தையோ சோர்ந்து அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குள் இருக்கும் பசியை அறிய அன்பு மட்டும் போதாது, அளவும் வேண்டும். அத்தகைய அளவு முறைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காஞ்சியும் பசியும்

காஞ்சி மாநகர் மழையின்றி வாடியபோது மணிமேகலை அங்குச் சென்று, அமுதசுரபியைக் கொண்டு மக்களின் பசியைப் போக்கினாள் என்று மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. பசித்தோர் அவளை நாடி வந்தனர். நாடி வர இயலாத பசியும் ஒன்று உண்டு. அது கைக்குழந்தையின் பசி. அதனை நாம்தான் தேடிக் காண வேண்டும்.

காஞ்சிப் பட்டு நெய்வோர் பாவில் ஓர் இழை அறுந்தாலும் உடனே கண்டு இணைத்துவிடுவர். காணாது நெய்துவிட்டால் அக்குறை சேலையில் நிலைத்துவிடும். குழந்தையின் முதல் ஈராண்டு வளர்ச்சியும் அத்தகையதே. மூளையும் உடலும் விரைந்து வளரும் அப்பருவத்தில் நேரும் இழப்பைப் பின்னாளில் முழுமையாக ஈடுசெய்தல் அரிது.

உடலை அளத்தல்

குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்க்கும் வழக்கத்தைத் தமிழகச் சிற்றூர்களில் பரவச் செய்தது, 1980ஆம் ஆண்டு உலக வங்கியின் உதவியுடன் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் எடையை ஊட்டச்சத்துப் பணியாளர்கள் வளர்ச்சி அட்டையில் குறித்தனர். எடை ஏறாத குழந்தைக்குத் துணை உணவு வழங்கினர். எடை சீரானதும் அதனை நிறுத்தினர். 'இக்குழந்தை எவ்வளவு எடை?' என்பதைவிட, 'சென்ற மாதத்தைவிட வளர்ந்துள்ளதா?' என்னும் வினாவே அங்கு முதன்மை பெற்றது.

எடையோடு உயரமும் அளக்கப்பெறும். வயதுக்கேற்ற உயரமின்மை நெடுநாளைய ஊட்டக்குறைவின் அடையாளம்; உயரத்துக்கேற்ற எடையின்மை அண்மைக்கால மெலிவின் அடையாளம். முன்னது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. நான்கு வயதுக் குழந்தை மூன்று வயதுக் குழந்தைபோல் தோன்றினால், 'சிறிய உடல்வாகு' என்று கூறி நாம் கடந்துவிடுகிறோம். 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோருள் நான்கில் ஒரு குழந்தை இந்நிலையில் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட குழந்தை வளர்ச்சி அளவீடுகள், இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து உருவாக்கப்பட்டவை. உரிய உணவும் பராமரிப்பும் கிடைத்தால், எந்நாட்டுக் குழந்தையும் முதல் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ ஒரே சீராக வளரும் என்பதை அவை உணர்த்தின.

உணவை அளத்தல்

உடலின் அளவு, இழப்பு நேர்ந்த பின்னரே அதனைக் காட்டும். உணவின் அளவோ முன்கூட்டியே எச்சரிக்கும். ஆதலால், உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் குழந்தை உணவூட்டலை அளக்கும் குறியீடுகளை 2008ஆம் ஆண்டு வெளியிட்டு, 2021ஆம் ஆண்டு திருத்தியமைத்தன.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தரப்பட்டதா? சீம்பாலைத் தவிர்த்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டப்பட்டதா? ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு நேற்றுத் தாய்ப்பாலன்றி வேறேதும், தண்ணீரேனும், தரப்பட்டதா? இவை தொடக்க வினாக்கள்.

ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலுடன் இணை உணவும் தேவை. தாய்ப்பால்; தானியமும் கிழங்கும்; பருப்பும் கொட்டையும்; பால் பொருள்கள்; மீனும் இறைச்சியும்; முட்டை; வைட்டமின் 'ஏ' நிறைந்த காய், கனி, கீரை; பிற காய்கனிகள் என எட்டு வகைகளுள் ஐந்தேனும் நேற்றைய உணவில் இருத்தல் வேண்டும். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு இருமுறையும், 9ஆம் மாதம் முதல் மும்முறையும் இணை உணவு ஊட்டப்பெறுதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

நெசவாளர் குடும்பத்துப் பத்து மாதக் குழந்தை ஒன்றைக் கருதுவோம். நேற்று அக்குழந்தை தாய்ப்பால் அருந்தியது. காலையில் இட்லி, நண்பகலில் ரசஞ்சோறு, மாலையில் பிஸ்கட், இரவில் மீண்டும் இட்லி உண்டது. நான்கு வேளை உண்டதால் எண்ணிக்கை நிறைவே. வகையைக் கணக்கிட்டால் தாய்ப்பால், தானியம், இட்லியிலுள்ள உளுந்து என மூன்றே தேறும். வயிறு நிறைந்தது, ஊட்டம் நிறையவில்லை. சோற்றில் முருங்கைக்கீரையை மசித்து, ஒரு முட்டையும் சேர்த்திருந்தால் ஐந்து வகைகள் ஆகியிருக்கும். அளந்து பார்த்ததாலன்றோ குறையும் தெரிந்தது, அதற்கான தீர்வும் தெரிந்தது!

அளவு யாருக்கு?

ஒரு நாள் உணவைக் கொண்டு ஒரு குழந்தையையோ தாயையோ மதிப்பிடுதல் தவறு. நேற்று முட்டை உண்ணாத குழந்தை முன்நாள் உண்டிருக்கலாம். பலநூறு இல்லங்களின் விடைகள் சேரும்போதே ஓர் ஊரின் நிலை புலப்படும். வினவுவோரும் 'கீரை கொடுத்தீர்கள் அல்லவா?' என்று கேட்டால், ஆம் என்னும் விடையே வரும். 'நேற்றுக் காலை எழுந்தது முதல் குழந்தை என்னென்ன உண்டது?' என்று கேட்பதே முறை.

மேற்கூறிய ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். 6 முதல் 23 மாதக் குழந்தைகளுள் போதுமான உணவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரே. இக்குறைவு தாயரின் அன்பின்மையைக் காட்டுவதன்று. நெய்த அளவுக்கே கூலி பெறும் இல்லத்தில், குழந்தைக்குப் பொறுமையாக ஊட்டும் நேரமும் பொருட்செலவுக்கு உரியதே. எனவே, இவ்வளவுகோல் தாய்க்கு இடும் மதிப்பெண் அன்று. அவளுக்குக் கூலியும் ஓய்வும் துணையும் தரவேண்டிய சமுதாயத்துக்கு இடும் மதிப்பெண்ணாகும்.

சொல்லும் பொருளும்

பாவு – தறியில் நீளவாட்டில் அமையும் நூல்
சீம்பால் – மகப்பேற்றுக்குப்பின் முதலில் சுரக்கும் பால்

கற்பவை கற்றபின்

உங்கள் பகுதி அங்கன்வாடி மையத்துக்குச் சென்று, வளர்ச்சி அட்டையில் குறிக்கப்படும் செய்திகளை அறிந்து வகுப்பில் பகிர்க.

நம்மை அளப்போம்

குறுவினா
1. வயதுக்கேற்ற உயரமின்மை எதனை உணர்த்துகிறது?

சிறுவினா
2. உணவூட்டல் குறித்து வினவும் முறை எவ்வாறு அமைதல் வேண்டும்?

நெடுவினா
3. 'குழந்தையின் பசியை அறிய அன்போடு அளவும் வேண்டும்' – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.