இறக்க மறுக்கும் உயிரணு

நுழையும்முன்...

பிறப்பைப் போலவே இறப்பும் உயிரணுவுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. உரிய நேரத்தில் இறந்து விலகும் உயிரணுக்களால்தான் உடல் வாழ்கிறது; விலக மறுக்கும் உயிரணு புற்றாகிறது. அம்மறுப்பு எவ்வாறு நிகழ்கிறது, அதனை முறியடிக்க முனையும்போது இடர் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை, தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பியில் தொடங்கி ஜெர்மனியின் ஆய்வுக்கூடம் வரை சென்று இப்பாடம் விளக்குகிறது.

சிப்பிக்குள் ஒரு பாடம்

கொற்கை முத்தின் புகழ் சங்ககாலந்தொட்டே கடல் கடந்தது. மன்னார் வளைகுடாவின் அடியில் 'பார்' எனப்படும் பாறைத்திட்டுகளில் முத்துச்சிப்பிகள் ஒட்டி வாழ்கின்றன. மூச்சடக்கி மூழ்கி அவற்றை அள்ளிவரும் 'சலாபம்' தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று முன்னோர் நம்பினர். உண்மை அதனினும் வியப்பானது.

1973ஆம் ஆண்டு ஜூலையில், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். வளர்ப்பு முத்து உருவாகும் முறை இது: சிப்பி ஓட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதைமடிப்பிலிருந்து சிறு துண்டு ஒன்று வெட்டப்படுகிறது. அத்துண்டும், ஓட்டில் கடைந்தெடுத்த உருண்டை மணி ஒன்றும் வேறொரு சிப்பியின் உடலுக்குள் சேர்த்து வைக்கப்படுகின்றன. துண்டின் உட்பகுதி உயிரணுக்கள் சிதைந்து மறைகின்றன. வெளிப்படல உயிரணுக்களோ பெருகி, மணியைச் சுற்றி ஒரு பையாகின்றன. பை மூடியதும் பெருக்கம் அடங்குகிறது. பின்னர் அவ்வுயிரணுக்கள் படலம் படலமாக முத்துப்பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன.

அறுத்தெடுத்து அயலிடத்தில் வைக்கப்பட்ட ஒரே துண்டில் சில உயிரணுக்கள் இறக்கின்றன, சில பிழைக்கின்றன. பிழைத்தவையும் அளவறிந்து நிற்கின்றன. அவை நிற்காமல் பெருகியிருந்தால் கிடைத்திருப்பது முத்தன்று, கட்டி. எந்த உயிரணு வாழ வேண்டும், எது சாக வேண்டும், எது எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது எது? புற்றுநோய் ஆய்வின் நடுவிலும் இவ்வினாவே நிற்கிறது.

உதிர்தலும் முறிதலும்

தமிழில் இலை உதிர்கிறது, கிளை முறிகிறது. இரண்டும் பிரிவுதான் என்றாலும் ஒன்றாகா. உதிரும் இலையின் காம்படியில் மரமே ஒரு பிரிபடலத்தை உண்டாக்கி, காயமின்றி அதனை விடுவிக்கிறது. முறிவு வெளியிலிருந்து வரும் தாக்குதல். அங்கே புண் உண்டாகும். உயிரணுவின் இறப்பிலும் இவ்விரு வகை உண்டு. 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி ஆகிய மூவரும் முதல்வகை இறப்புக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். இலையுதிர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. 'உதிர்தல்' என்ற நம் சொல்லும் அதற்கு அழகாகப் பொருந்தும்.

கருவில் வளரும் குழந்தையின் கைவிரல்களுக்கிடையே முதலில் சவ்வு இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் உதிர்வதனாலேயே விரல்கள் தனித்தனியாகின்றன. உதிரும் உயிரணு சுருங்கி, சிறு பொதிகளாகப் பிரிந்து, அண்டை உயிரணுக்களுக்கு உணவாகிறது. வீக்கமோ சீழோ உண்டாவதில்லை. இப்பணியைச் செய்வன 'காஸ்பேஸ்' என்னும் நொதிகள். ஒவ்வோர் உயிரணுவும் இக்கத்திகளை உறையிலிட்டு வைத்திருக்கிறது. அவை தவறி வெளிவராதபடி காவல் காக்கும் புரதங்களும் உண்டு. 'ஐ.ஏ.பி.' எனச் சுருக்கமாக வழங்கும் அக்காவலர் குடும்பத்தில் வலிமை மிக்கது 'எக்ஸ்.ஐ.ஏ.பி.'.

> தெரிந்து தெளிவோம்
> 'சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்' என்னும் சிறு புழு வளரும்போது உருவாகும் 1090 உடல் உயிரணுக்களில் 131 உயிரணுக்கள் தவறாமல் இறக்கின்றன. எவை இறக்கும் என்பதுகூட மாறுவதில்லை. உறுப்பு வளர்ச்சியும் உயிரணு இறப்பும் மரபணுக்களால் நெறிப்படுத்தப்படுவதை இப்புழுவைக் கொண்டு விளக்கிய சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோர் 2002இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

தன் இடத்திலிருந்து பெயர்ந்த உயிரணு இறக்க வேண்டும் என்பதும் உடலின் விதிகளுள் ஒன்று. 1994இல் பெயர்பெற்ற இவ்விறப்பு 'அனாய்கிஸ்' எனப்படுகிறது. வீடின்மை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். குடலின் உட்படலத்து உயிரணு ஒன்று பிடி தளர்ந்து விலகினால், அது வேறெங்கும் குடியேறாமல் மடிகிறது. புற்றுயிரணு இவ்விதியையே மீறுகிறது. பெயர்ந்த பின்னும் சாகாமல், குருதியில் மிதந்து சென்று, ஈரலிலோ எலும்பிலோ குடிபுகுகிறது. புற்றுநோயால் நிகழும் இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணம் முதற்கட்டியன்று, இந்தப் பரவலே.

பகைவனும் காக்கும் உயிர்

இந்தியாவிலிருந்து ஜெர்மனி சென்று ஆய்வு மேற்கொண்ட உயிர்வேதியியலாளர் கிருஷ்ணராஜ் ராஜலிங்கம், உயிரணு இறப்பை நோக்கிச் சென்ற வழி சற்றே விந்தையானது. பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நோய்த்தொற்று உயிரியல் நிறுவனத்தில், மனித உயிரணுவுக்குள் புகுந்து வாழும் கிளமிடியா என்னும் பாக்டீரியத்தை அவரும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்தனர். தொற்று ஏற்பட்ட உயிரணு தன்னையே மாய்த்துக்கொள்வது உடலுக்கு நன்மை. கிருமியும் அதனோடு அழியும். ஆனால், கிளமிடியா நிமோனியே தொற்றிய உயிரணுக்கள் இறப்பைத் தூண்டினாலும் இறக்க மறுத்தன. 2001இல் இம்முடிவு வெளியாயிற்று. குடியிருக்கும் வீடு இடியாமல் கிருமியே முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. புற்றுயிரணு தனக்குத்தானே செய்துகொள்வதும் இதுதான்.

அடுத்து அவரது ஆய்வு 'ராஸ்' என்னும் புரதத்தின் செய்திவழிக்குத் திரும்பியது. உயிரணுவின் புறத்தே வந்து சேரும் 'பெருகு' என்னும் ஆணையை ராஸ் பெற்று, 'சி-ராஃப்' என்னும் நொதியிடம் ஒப்படைக்கிறது. அங்கிருந்து மெக், எர்க் என்னும் நொதிகள் வழியே ஆணை கைமாறி உட்கருவை அடைகிறது. ராஸ் மரபணு பிறழ்ந்தால், யாரும் அழைக்காமலே ஆணை ஓயாது ஒலிக்கும். கணையப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இப்பிறழ்வு காணப்படுகிறது. ராஸிடமிருந்து சி-ராஃப் ஆணையைப் பெற 'புரோகிபிட்டின்' என்னும் இன்னொரு புரதமும் உடனிருக்க வேண்டும் என்பதை ராஜலிங்கமும் தாமஸ் ரூடல் முதலியோரும் 2005இல் கண்டறிந்தனர். புரோகிபிட்டின் குறைக்கப்பட்ட உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. இடம்பெயரும் ஆற்றலை இழந்தன.

காவலனுக்கு இரண்டு வேலை

இங்கேதான் எதிர்பாராத ஒரு முடிச்சு வெளிப்பட்டது. பல புற்றுகளில் ஐ.ஏ.பி. காவலர்கள் மிகுதியாக இருப்பது முன்பே தெரிந்திருந்தது. ஆகவே, 'காவலனை அகற்று; கத்தி உறையிலிருந்து வெளிவரும்; புற்றுயிரணு மாளும்' என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. காவலனை விலக்கும் 'ஸ்மாக்' என்னும் புரதம் உயிரணுவிலேயே இருப்பது 2000இல் தெரியவந்தது. அதனைப் போன்றே செயற்படும் மருந்துப்பொருள்களும் உருவாயின. கருத்து தெளிவாக இருந்தது, சற்று மிகையான தெளிவோடு.

2008இல் ராஜலிங்கத்தின் குழு வெளியிட்ட ஆய்வு காவலனின் இரண்டாவது வேலையைக் காட்டியது. எக்ஸ்.ஐ.ஏ.பி. முதலிய காவலர்கள் சி-ராஃப் நொதியையும் பற்றுகின்றன. பழுதுற்ற புரதங்களை இனங்கண்டு அழிவுக்கு அனுப்பும் அமைப்பு ஒன்று உயிரணுவில் உண்டு. சி-ராஃப் அவ்வமைப்பிடம் சென்று சேர எக்ஸ்.ஐ.ஏ.பி. துணைநிற்கிறது. அதாவது, இறப்பைத் தடுக்கும் அதே காவலன், உயிரணுவின் ஓட்டத்துக்கும் கடிவாளமாக இருக்கிறான். காவலரின் அளவைக் குறைத்தபோதும், அவர்களை ஒடுக்கும் பொருளைக் கொடுத்தபோதும், அழிய வேண்டிய சி-ராஃப் நிலைத்தது. உயிரணுக்கள் முன்னிலும் விரைந்து இடம்பெயர்ந்தன. உயிரணு நகர்வதற்கு இன்றியமையாத 'ராக்1' என்னும் புரதத்தையும் இக்காவலர்கள் அழிவுக்கு அனுப்புவதை அதே குழு 2012இல் காட்டியது.

இதன் பொருளை நிதானமாகச் சிந்திக்க வேண்டும். மருந்து கொடுத்ததும் கட்டியில் உள்ள உயிரணுக்கள் எல்லாம் இறந்துவிட்டால் இடரில்லை. ஆனால், எந்த மருந்திலும் சில உயிரணுக்கள் தப்பிப் பிழைக்கின்றன. காவலனை இழந்தும் சாகாமல் எஞ்சிய உயிரணு, கடிவாளத்தையும் இழந்ததாக இருந்தால் என்ன ஆகும்? கட்டி சுருங்கியதை மட்டும் அளந்து மகிழ்பவர் இவ்வினாவைக் கேட்கமாட்டார். இவை ஆய்வுக்கூடச் சோதனைகள். இம்மருந்துகள் நோயாளிகளிடம் புற்றைப் பரப்புகின்றன என்று இவற்றிலிருந்து முடிவு கட்டுவதும் பிழை. எத்தனை உயிரணுக்கள் இறந்தன என்பதோடு, இறவாதவை என்ன செய்கின்றன என்பதையும் எண்ண வேண்டும் என்பதே இவ்வாய்வுகள் எழுப்பிய கேள்வி.

கடிவாளத்தைத் தேடி

பின்னாளில் மைன்ஸ் நகரிலுள்ள யோஹன்னஸ் குட்டன்பர்க் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பேராசிரியராகப் பணியேற்ற ராஜலிங்கம், புரோகிபிட்டினை மீண்டும் கையிலெடுத்தார். வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அக்லயா என்னும் மரவகையில் 'ரோகாகிளமைடு' என்னும் இயற்கைப் பொருள் கிடைக்கிறது. அது புரோகிபிட்டினைப் பற்றி, ராஸிடமிருந்து சி-ராஃபுக்குச் செல்லும் ஆணையைத் தடுப்பதை 2012இல் வேறொரு குழு கண்டிருந்தது. பிறழ்ந்த ராஸால் உண்டாகும் நுரையீரல் கட்டிகளைப் புரோகிபிட்டினைப் பற்றும் இத்தகைய வேதிப்பொருளால் கட்டுப்படுத்த இயலும் என்று ராஜலிங்கத்தின் குழு 2017இல் அறிவித்தது. இங்கே காவலன் தொடப்படுவதில்லை. ஆணை கைமாறும் இடமே அடைக்கப்படுகிறது. மருந்துக்கடைக்கு வந்து சேர இன்னும் நெடுந்தொலைவு உண்டு. உடலின் இயல்பான உயிரணுக்களுக்கும் அதே புரோகிபிட்டின் தேவைப்படுகிறது என்பதால், எந்த அளவில், எத்தனை நாள், எந்நோயாளிக்கு என்னும் கேள்விகள் விடையை எதிர்நோக்கி நிற்கின்றன.