காயத்துக்குக் கணக்குச் சொல்லும் வக்கீல்

இந்த மாதம் நான் எழுதப்போவது வக்கீல் வேலை பற்றி. சினிமாவில் வக்கீல் என்றால் மேசையைத் தட்டிக் கத்துவார். நான் நேரில் பார்த்த வக்கீலம்மா ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

எங்க சித்தப்பா தென்னை மரம் ஏறுகிறவர். பைக்கில் போகும்போது வேன் மோதி முழங்கால் நொறுங்கிப்போச்சு. இப்போது கால் மடங்காது. ஊனம் 40 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி, 40 சதவீதத்துக்கு உள்ள பணம்தான் தருவோம் என்றது. பரீட்சை லீவில் சித்தி என்னையும் துணைக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்.

இந்த வழக்கு நடக்கும் இடத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று பெயர். அன்று டாக்டர் சாட்சி சொன்னார். வக்கீலம்மா முக்கியமாகக் கேட்டது இரண்டு கேள்விதான்.

"இந்த 40 சதவீதம் காலுக்கா, தொழிலுக்கா?"

"காலுக்குத்தான்."

"இந்தக் காலோட தென்னை மரம் ஏற முடியுமா டாக்டர்?"

"முடியாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. ஒரே காயம், வேறு வேறு இழப்பு

2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உதாரணம் சொன்னது. ஒருவருக்கு இடது கை போய்விட்டது. ஊனம் சுமார் 60 சதவீதம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் பிழைப்பே போச்சு, இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம். அரசு ஆபீஸ் கிளார்க் என்றால் வேலையில் தொடரலாம், இழப்பு 60-ஐ விடக் குறைவாகவும் இருக்கலாம். ஆகவே உடம்பின் சதவீதம் வேறு, பிழைப்பின் சதவீதம் வேறு. இதை ஆதாரத்தோடு எடுத்துக்காட்டுவதுதான் வக்கீலின் வேலை.

2. கணக்கு

வயதுக்கு ஏற்ற பெருக்கும் எண்ணை சரளா வர்மா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் பட்டியலாகக் கொடுத்தது. 31 முதல் 35 வயது வரை 16. சித்தப்பாவுக்கு 34 வயது. மாத வருமானம் 12,000 ரூபாய்.

12,000 × 12 × 16 = 23,04,000 ரூபாய்
அதில் 40 சதவீதம் = 9,21,600 ரூபாய்
வித்தியாசம் = 13,82,400 ரூபாய்

மருத்துவச் செலவு, வலி, வேதனை எல்லாம் இதற்கு மேல் தனி. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல், "உட்கார்ந்து பெட்டிக்கடை நடத்தலாமே" என்று கேட்டார். அதையும் நீதிபதி யோசிப்பாராம். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

3. மூடிய கதவு

பக்கத்தில் ஓர் அறைக் கதவு மூடியிருந்தது. "அது போக்சோ கோர்ட் பாப்பா, வெளி ஆள் போகக்கூடாது" என்றார். பாலியல் கொடுமைக்கு ஆளான, 18 வயதுக்கு உட்பட்டவர்களின் வழக்குகள் அங்கே நடக்கும். அரசு வக்கீல்தான் நடத்துவார். பிள்ளையின் குடும்பம் தனக்கென்றும் ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இவர் அப்படியும் போகிறவர்.

2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் சொல்பவை:
* போலீஸ் சீருடை போடாமல் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும்.
* சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது.
* வக்கீல்கள் நேராகக் கேட்கக்கூடாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் கேட்பார்.
* நடத்தையைக் கேவலப்படுத்திக் கேட்க விடக்கூடாது.
* பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது.

"விபத்து கேஸ்ல காயத்தை முழுசா எடுத்துக் காட்டணும். இதுல காயம் மறுபடி படாமப் பாத்துக்கணும். ரெண்டும் ஒரே வேலைதான்" என்றார் வக்கீலம்மா.

4. நினைவில் வைக்க

* பெண்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழு போன் 15100.
* குழந்தைகள் உதவிக்கு 1098.
* கிடைக்கும் இழப்பீட்டில் இவ்வளவு பங்கு எனக்கு என்று வக்கீல் பேசக்கூடாது. பார் கவுன்சில் விதி அது.

பிளஸ் டூ முடித்து 5 வருடம் சட்டம் படிக்கலாம். டிகிரி முடித்தவர்களுக்கு 3 வருடம். நான் 5 வருடப் படிப்பு என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தவர்கள் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், நானே சொல்கிறேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 28 வயது டிரைவர். மாத வருமானம் 15,000 ரூபாய். இடது கை போய்விட்டது. பெருக்கும் எண் 17. ஊனம் 60 சதவீதம் என்றால் எவ்வளவு? பிழைப்பு 100 சதவீதம் போனது என்றால் எவ்வளவு? விடை அடுத்த இதழில்.

— 9-ஆம் வகுப்பு மாணவி