திருகை நம்பாதீர்கள், மரத்தை நம்புங்கள்

சிவகாசியில் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கொஞ்சம் பெரிய காசு கையில் நிற்பது தீபாவளி போனஸ் சமயத்தில்தான். பீரோவோ மேஜையோ, அந்தக் காசில்தான் வீட்டுக்குள் வரும். பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று இரண்டு வருஷத்துக்கு ஒரு மேஜை மாற்ற நம்மால் ஆகாது. அதனால்தான் மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தபோது, வளர வளர உயர்த்திக்கொள்ளும் மேஜையாகத் தேடி வாங்கினேன். “பத்தாவது வரைக்கும் கவலையே இல்ல அண்ணாச்சி” என்றார் கடைக்காரர்.

முதல் முறை உயர்த்தியபோது திருகு இறுகியது. அடுத்த வருஷம் கழற்றி முடுக்கினால் பிடிக்கவே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தது, ஓட்டையிலிருந்து தூள் தூளாகக் கொட்டியது. பார்ட்டிகிள் போர்டு! மரச்சில்லையும் தூளையும் பசை போட்டு அழுத்திய பலகை. ஒருமுறை முடுக்கிவிட்டு அப்படியே வைத்திருந்தால் அது நிற்கும். கழற்றிக் கழற்றி மாட்டினால் திருகு பிடித்த இடம் உதிர்ந்துவிடும். உயரம் மாற்றத்தான் என்று சொல்லி விற்கிற சாமானை, திருகைக் கழற்றவே ஆகாத பலகையில் செய்வது என்ன நியாயம்? ஒரு ராத்திரி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் மடியிலேயே பலகை சரிந்தது. கேட்கப் போனால், “பிள்ளை ஆட்டியிருக்கும்” என்று பதில். ஆட்டாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

“நாமெல்லாம் தரையில உக்காந்து படிக்கலையா மச்சான்?” என்றார் மனைவியின் தம்பி. படித்தோம். தரையில் உட்காருவதில் தப்பில்லை. நோட்டையும் தரையில் வைத்துக் கழுத்தை மடக்கி எழுதுவதுதான் தப்பு. பைண்டிங் பிரிவில் குனிந்து தாள் மடித்தே தேய்ந்த முதுகு என்னுடையது. எனக்குத் தெரியாததா?

மாற்ற வேண்டியது மேஜையின் உயரத்தை அல்ல, நாற்காலியின் உயரத்தை. நார்வேயில் பீட்டர் ஒப்ஸ்விக் என்பவர் 1972இல் ‘டிரிப் டிராப்’ என்று ஒரு நாற்காலி வடிவமைத்தார். பெரியவர்கள் மேஜையில் கால் தொங்க உட்கார்ந்திருந்த தன் மகனைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். மேஜையை அவர் தொடவே இல்லை. நாற்காலியின் பக்கச் சட்டங்களில் வரிசையாகக் காடி வெட்டி, உட்காரும் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் அதில் செருகினார். பிள்ளை வளர வளர இரண்டையும் கீழே இறக்கிக்கொள்ளலாம். பாரம் முழுவதையும் காடி தாங்கிக்கொள்ளும், சட்டங்களை இறுக்கிப் பிடிப்பது மட்டும்தான் குறுக்கே போகும் கம்பியின் வேலை. அது இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது.

அந்த நாற்காலியின் படத்தைத் திருத்தங்கல் ஆசாரி ஒருவரிடம் காட்டி, வேப்ப மரத்தில் செய்துகொண்டேன். அளவு எடுப்பது, இழைப்பது, வார்னிஷ் அடிப்பதெல்லாம் அவர் பாடு. நீங்கள் கூடவே நின்று பார்க்க வேண்டியவை வேறு. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் சுருங்கிக் காடி லூசாகிவிடும். மரத் திருகு ஒன்றுகூட வேண்டாம். ஒரு பக்கச் சட்டத்திலிருந்து மறுபக்கம் வரை ஊடுருவும் மரை போட்ட கம்பி, இரண்டு முனையிலும் வாஷரும் நட்டும் போதும்.

உயரத்தைக் கவனிக்கிற அளவுக்கு உட்காரும் பலகையின் ஆழத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆழம் கூடினால் சின்னப் பிள்ளையின் முதுகு பின்பலகைக்கு எட்டாது, முன்விளிம்பு முழங்கால் மடிப்பை அழுத்தும். மடிப்புக்கும் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஆகவே அந்தப் பலகை முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி காடியை நீளமாக வெட்டச் சொல்லுங்கள். ஆசாரி கூலி கூடுதலாகக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளையை உட்காரவைத்து, முழங்கையையும் பாதத்தையும் பார்த்து இரண்டு பலகைகளையும் மாற்றுங்கள். நட்டுகளையும் அப்போதே ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.