மாற்றுப்பெயர்

நுழையும்முன்
ஒரே பெயருடைய இருவர் ஒரு வகுப்பில் பயின்றால், தலைப்பெழுத்தைக் கொண்டு அவர்களை வேறுபடுத்துகிறோம். கணினிக்கு நிரல் எழுதும்போதும் இத்தகைய பெயர் மயக்கம் நேர்கிறது. அதனை நீக்கும் வழியொன்றை இப்பாடம் விளக்குகிறது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஆத்தூருக்கு வழி கேட்டால், காமராசர் நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள ஊருக்குச் செல்லும் பேருந்தைக் காட்டுவர். சேலத்தில் கேட்டால் வசிட்ட நதிக்கரை ஊரைக் காட்டுவர். தாமிரபரணிக் கரையிலும் ஓர் ஆத்தூர் உண்டு. அவரவர் வட்டாரத்தில் இப்பெயரால் குழப்பமில்லை. மூன்று ஊராரும் ஓரிடத்தில் கூடும்போதுதான் மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல நேர்கிறது. இதற்கு மறுதலையாக, வத்தலக்குண்டு என்பதும் பட்லகுண்டு என்பதும் ஓர் ஊரையே குறிக்கின்றன. வாரணம் என்னும் ஒரு சொல் யானையையும் கோழியையும் சங்கையும் குறிப்பதையும், கிள்ளை, தத்தை என்னும் இரு சொற்களும் கிளி ஒன்றையே குறிப்பதையும் திரிசொல் இலக்கணத்தில் கற்றிருக்கிறோம்.

பெரிய நிரல்கள் பல கூறுகளாகப் பிரித்து எழுதப்படுகின்றன. ஒருவர் எழுதிய கூற்றை மற்றொருவர் தம் நிரலுக்குள் கொணர்ந்து பயன்படுத்துகிறார். வெவ்வேறு ஊரார் எழுதிய இரு கூறுகள் ஒரே பெயரைத் தாங்கி ஒரு நிரலுக்குள் வந்தால், பின்னது முன்னதை மறைத்துவிடக்கூடும். கொணரும்போதே ஒன்றுக்கு வேறு பெயரிட்டுக்கொள்வதே மாற்றுப்பெயர். நெடும்பெயரைச் சுருக்கவும் இது உதவும். 'மேட்பிளாட்லிப்.பைபிளாட்' என்பதைப் 'பிஎல்டி' எனச் சுருக்கிக் கொணர்வதைப் பைத்தான் பயிலும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அறிவர்.

இவ்வசதியை ஒரு மொழியில் சேர்க்க, அதன் நிரல்பெயர்ப்பியில் எதை மாற்ற வேண்டும்? நிரல்பெயர்ப்பி முதலில் நிரலைச் சொற்களாகப் பிரிக்கிறது. பின்னர்த் தொடரமைப்பை ஆராய்கிறது. அதன்பின் பெயர்களை ஓர் அட்டவணையில் பதிகிறது. முதலிரண்டு படிகளிலும் மாற்றம் சிறிது. நுட்பம் அட்டவணையில் இருக்கிறது. அதுவரை பெயரும் அது சுட்டும் கூறும் ஒன்றாகவே கருதப்பட்டன. இனி நிரலுக்குள் வழங்கும் பெயர் ஒரு பத்தியிலும், கோப்பைத் தேடுவதற்கான இயற்பெயர் மற்றொரு பத்தியிலும் நிற்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை எண்ணிப் பாருங்கள். சாவியில் கட்டிய சீட்டில் 'கடை' என்றிருந்ததை மாற்றி 'கிடங்கு' என எழுதினாலும், அது திறக்கும் பூட்டு மாறுவதில்லை. ஒரே கூற்றை இரு கோப்புகள் இரு பெயர்களில் கொணர்ந்தாலும், கூறு ஒருமுறைதான் ஏற்றப்பட வேண்டும். அட்டவணையைக் கவனமின்றி அமைத்தால் ஒரு கூறு இரண்டாகிவிடும். ஒன்றில் மாற்றிய மதிப்பு மற்றொன்றில் தெரியாது. இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பது எளிதன்று. கோப்புக் கிடைக்காதபோது காட்டும் பிழைச்செய்தியில் இயற்பெயரே இடம்பெற வேண்டும். மாற்றுப்பெயரைக் காட்டினால் நிரலர் இல்லாத கோப்பைத் தேடி அலைவார்.

புதிய சிறப்புச்சொல்லைச் சேர்ப்பதிலும் இடர் உண்டு. பைத்தான் 2000ஆம் ஆண்டு, தன் 2.0 பதிப்பில், 'ஏஸ்' என்னும் சொல்லால் மாற்றுப்பெயரிடும் வசதியைத் தந்தது. ஆயினும் அச்சொல்லை உடனே சிறப்புச்சொல்லாக ஒதுக்கவில்லை. ஒதுக்கியிருந்தால், அதனை மாறியின் பெயராகக் கொண்ட பழைய நிரல்கள் யாவும் பழுதாகியிருக்கும். 2.5 பதிப்பில் எச்சரிக்கை தந்து, 2008ஆம் ஆண்டு வந்த 2.6 பதிப்பில்தான் முழுமையாக ஒதுக்கினர். எட்டாண்டுக் காத்திருப்பு!

தெரியுமா?
'எழில்' என்பது தமிழில் நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய மொழி. இதனைப் பற்றிய அவரது கட்டுரை 2009இல் வெளிவந்தது. இம்மொழியில் நிபந்தனை முன்னும், 'ஆனால்', 'வரை' போன்ற சொற்கள் பின்னும் வருகின்றன.

எழிலில் 'வரை' மடக்குக்குரிய சிறப்புச்சொல் ஆதலால், படம் வரையும் செயற்கூற்றுக்கு அப்பெயரை இட இயலாது. தமிழ்த் தொடரின் இயல்புப்படி மாற்றுப்பெயரை அமைத்தால், 'வரைபடம் என்பதைப் படம் எனக் கொணர்க' என வினை இறுதியில் நிற்கும். இடமிருந்து வலமாகப் படிக்கும் நிரல்பெயர்ப்பி, இது கொணரும் தொடர் என்பதைக் கடைசிச் சொல்லில்தான் அறியும். எழில் தன் நிபந்தனைத் தொடரின் முன்னே '@' குறியை இட்டு, வருவதை முன்கூட்டியே உணர்த்துகிறது. கொணரும் தொடருக்கும் அத்தகைய முன்குறி ஒன்று போதும்.